பகலில் பூட்டப்படும் கதவு: வீடற்றோர் காப்பகங்களும் உணவுரிமையும்

வீடற்றோர் என்றவுடன் ஆட்சியாளர்களின் நினைவுக்கு வருவது இரவு மட்டுமே. மழைக்காலம் தொடங்கும்போது பாயும் போர்வையும் வழங்கப்படுகின்றன, புகைப்படங்கள் வெளியாகின்றன. விடிந்தபின் அம்மக்கள் எங்கே செல்கின்றனர், எங்கே உண்கின்றனர், நோயுற்றால் எங்கே படுக்கின்றனர் என்ற கேள்விகள் எந்தக் கோப்பிலும் இடம்பெறுவதில்லை. காலையில் வெளியேற்றி மாலையில் கதவைத் திறக்கும் காப்பகம், உறக்கத்திற்கு மட்டுமே இடம் தருகிறது. வாழ்வதற்கான இடமாக அது அமைவதில்லை.

சட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவுரிமை வழக்கில், 2010 முதல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்றும் கூறின. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிமுறைகளும் இதையே ஏற்றன. சமையலறை, பாத்திரங்கள், எரிவாயு இணைப்பு ஆகியவற்றை அவை காப்பகத்தின் அடிப்படை வசதிகளாகப் பட்டியலிடுகின்றன. அடையாள ஆவணம், குடும்ப அட்டை, ஓய்வூதியம், மருத்துவம், சட்ட உதவி ஆகியவற்றைப் பெற்றுத் தரும் மையமாகவும் காப்பகம் செயல்பட வேண்டும் என்கின்றன. இவை நடைமுறைக்கு வராததால்தான், 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் உச்சநீதிமன்றம் ஒரு குழுவை அமைக்க நேர்ந்தது.

இந்த உதவிகள் அனைத்தும் பகலில் நடைபெற வேண்டியவை. வட்டாட்சியர் அலுவலகமும், வங்கியும், அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவும் இரவில் இயங்குவதில்லை. பகலில் பூட்டப்படும் காப்பகம் நெறிமுறையின் பாதியை அப்போதே கைவிட்டுவிடுகிறது.

உணவைப் பொறுத்தவரை நாடாளுமன்றமே பின்வாங்கியது. 2011இல் அறிமுகமான தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதாவில், ஆதரவற்றோருக்கு நாள்தோறும் ஒருவேளை இலவச உணவும், வீடற்றோருக்குச் சமுதாயச் சமையற்கூடங்களில் குறைந்த விலை உணவும் இடம்பெற்றிருந்தன. 2013இல் சட்டம் நிறைவேறியபோது அப்பிரிவுகள் நீக்கப்பட்டிருந்தன. எஞ்சியது குடும்ப அட்டையின் வழியே கிடைக்கும் தானியம். அடுப்பும் பாத்திரமும் இல்லாதவருக்கு அரிசி உணவாகாது. முகவரி இல்லாதவருக்கு அந்த அட்டையே எட்டாது. நாடெங்கும் சமுதாயச் சமையற்கூடங்கள் அமைக்கக் கோரிய வழக்கை 2024 பிப்ரவரியில் முடித்துவைத்த உச்சநீதிமன்றம், அத்தகைய திட்டத்தை வகுக்குமாறு ஆணையிட மறுத்து, மாற்றுத் திட்டங்களை மாநிலங்களின் முடிவுக்கு விட்டது. ஆகவே இன்று பொறுப்பு மாநில அரசிடமே வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் இங்கு நினைவுகூரத் தக்கவை. ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதமும் சென்னையின் கூலித் தொழிலாளர்களையும் நடைபாதை மக்களையும் தாங்கின. ஆயினும் நடக்க இயலாத முதியவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், காசநோய்க்கு மருந்து உண்பவர் ஆகியோரை அந்த உணவகம் தேடிச் செல்வதில்லை. பகலில் திறந்திருக்கும் காப்பகம்தான் அவர்களுக்கான உணவுக்கூடம். மருந்தைத் தவறாமல் உட்கொள்ள உணவு வேண்டும். உணவுக்காக வருபவரைத்தான் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் அழைத்துச் செல்ல முடியும்.

இதில் சாதி எங்கே வருகிறது எனச் சிலர் கேட்கலாம். முதலாவது, சான்றிதழில் வருகிறது. ஊரை விட்டு விரட்டப்பட்டு நகரத்தின் நடைபாதைக்கு வந்த தலித் ஒருவரிடம் சாதிச் சான்றிதழ் இல்லையெனில், அட்டவணைச் சாதியினருக்கான கடனுதவியும், அவருடைய பிள்ளையின் கல்வி உதவித்தொகையும் இல்லாமற்போகும். சான்றிதழுக்கு முகவரி கேட்கப்படுகிறது. இத்தனைக்கும், வாக்காளர் பட்டியலில் வீடற்றவரைச் சேர்க்கத் தேர்தல் ஆணையம் முகவரிச் சான்று கேட்பதில்லை. அவர் குறிப்பிட்ட இடத்தில்தான் உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் சென்று உறுதிசெய்தால் போதும். வாக்குக்கு ஏற்கப்படும் நடைபாதை, சாதிச் சான்றிதழுக்கு மட்டும் ஏன் ஏற்கப்படக் கூடாது?

இரண்டாவது, சமையலறையில் வருகிறது. அதே உணவுரிமை வழக்கில் 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், மதிய உணவுத் திட்டச் சமையலர், உதவியாளர் பணி நியமனங்களில் தலித் மற்றும் பழங்குடியினருக்கு முன்னுரிமை வழங்க ஆணையிட்டது. பசியும் தீண்டாமையும் ஒரே பானையில் வேகின்றன என்பதை நீதிமன்றம் அறிந்திருந்தது. ஆனாலும் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென ஆதிக்கச் சாதியினர் எதிர்த்ததை நாடு கண்டது. காப்பகச் சமையலறைகளுக்கு இத்தகைய முன்னுரிமை விதி தேவை. இல்லையேல் கழிவறை கழுவும் பணி தலித்துகளுக்கும், கரண்டி பிடிக்கும் பணி பிறருக்கும் என்ற பழைய பங்கீடு சத்தமின்றித் தொடரும்.

மூன்றாவது, தட்டில் வருகிறது. தர்மசத்திரங்களிலும் பொது உணவகங்களிலும் மக்களின் பயன்பாட்டிற்கு வைக்கப்பட்ட பாத்திரங்களைத் தீண்டாமையின் பேரால் மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4 தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்தினாலும் நிதி பொதுநிதியே. தனித் தட்டு, தனி வரிசை, தனி மூலை ஆகியவற்றை நிர்வாக வசதி என்று கூறித் தப்ப முடியாது.

மூடிய கதவுக்கு இன்னொரு விலையும் உண்டு. பகலில் காப்பகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் கோயில் வாசலிலோ பேருந்து நிலையத்திலோ அமர்ந்தால், 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் அவருக்காகக் காத்திருக்கிறது. டெல்லியில் நடைமுறையிலிருந்த இத்தகைய சட்டத்தின் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் அங்குள்ள உயர்நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. உணவும் இருப்பிடமும் தர வேண்டிய அரசு, அவற்றைத் தராமல், இரந்தவரைக் குற்றவாளியாக்குவதில் என்ன நீதி இருக்கிறது?

கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு காப்பகமும் பகலிலும் திறந்திருக்க வேண்டும். அங்கேயே சமைத்த உணவு மூன்று வேளையும் வழங்கப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் வருவாய்த்துறை, மருத்துவம், சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றின் அலுவலர்கள் காப்பகத்திற்கு நேரில் வர வேண்டும். காப்பக முகவரியைச் சாதிச் சான்றிதழுக்கும் குடும்ப அட்டைக்கும் போதுமானதாக ஏற்கும் அரசாணை வெளியிடப்பட வேண்டும். சமையலர் பணியில் தலித் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும். தங்குவோரும் இடம்பெறும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டு, அதன் சமூகத் தணிக்கை அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள ஆணைகளையும் நெறிமுறைகளையும் கையில் ஏந்தி மாநகராட்சி ஆணையரிடம் மனு அளிக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தக் காப்பகம் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது எனக் கேட்கலாம். பதில் திருப்தி தராவிடில் உயர்நீதிமன்றத்தை நாடலாம். உணவு கருணையின் பேரால் போடப்படும்வரை, போடும் கை சாதி பார்க்கும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உரிமையாகக் கேட்டுப் பெறும்போதுதான் அந்தக் கையைச் சட்டத்தின் முன் நிறுத்த முடியும்.