வாசலில் ஆள் நிற்கட்டும்!

குட்டீஸ், ஆக்ரா அருகே அக்பரின் பழைய தலைநகரான பதேபூர் சிக்ரிக்கு சுற்றுலா போகிறவர்கள், 'புலந்த் தர்வாசா' என்ற பிரமாண்ட வாசலை போட்டோ எடுக்காமல் திரும்ப மாட்டார்கள். அதில் பலர், 'குறுக்கே வராதீங்க, தள்ளுங்க' என்று எல்லாரையும் விரட்டிவிட்டு, காலி வாசலைத்தான் எடுக்கின்றனர். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அக்பர், 1573ல் குஜராத்தை வென்றதன் நினைவாகக் கட்டிய வாசல் இது. படிக்கட்டின் அடியிலிருந்து அளந்தால் சுமார் 54 மீட்டர் உயரம். ஏறக்குறைய 15 மாடி! எதிரே வருபவர் 'அம்மாடி' என்று அண்ணாந்து பார்க்கத்தானே இவ்வளவு உயரம்? ஆளே இல்லாத படத்தில், அது கல்யாண மண்டப வாசல் மாதிரிதான் தெரியும்.

தங்கையை கேமரா பக்கத்தில் நிறுத்துவதும் உதவாது. கிட்டே நிற்பதால் அவள் பெரிதாகி, வாசல் அவள் தோள் உயரத்துக்குச் சுருங்கிவிடும். படியேறி, வாசலடிக்கே போகச் சொல்லுங்கள். முகம் தெரியாதுதான், அம்மா கோபிக்கலாம். முகத்துக்குத் தனியாக ஒரு படம் எடுத்தால் போச்சு!

மரக்கதவில் அறைந்திருக்கும் குதிரை லாடங்களையும் விட்டுவிடாதீர்கள். லாடம் எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். அதை வைத்தே, கதவு எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டு விடலாம்.