பதவிக்கு மட்டும் ‘அர்’

‘சொல்லில் ஆண், பெண் பார்க்கும் தொல்லையே தமிழுக்குக் கிடையாது’ என்பவர்கள் சிங்கப்பூரில் ஏராளம். ஆங்கிலக்காரருக்குத்தான் ‘ஹீ’, ‘ஷீ’ தகராறு. நமக்கு ‘அவர்’ இருக்கிறது, ‘ஆசிரியர்’, ‘அமைச்சர்’ எல்லாம் இருக்கின்றன. பால் காட்டாமல் எழுதச் சொல்வது மேல்நாட்டு இறக்குமதி என்பார்கள். இதை மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். இலக்கணத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. நாம் எழுதும் கடிதங்களையும் விளம்பரங்களையும் பொறுத்தவரை முழுப் பொய்.

தொல்காப்பியத்தில் பலர்பாலுக்கு உரிய ‘அர்’ விகுதி, வழக்கில் ஒருவரை உயர்த்திச் சொல்லவும் வந்தது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. யாரை உயர்த்துகிறோமோ அவருக்குத்தான் பால் மறையும். 2017இல் ஹலிமா யாக்கோப் என்ற பெண் சிங்கப்பூரின் அதிபராகப் பதவியேற்றபோது ‘அதிபர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் இந்தோனேசியரோ ‘பணிப்பெண்’. தேக்கா வட்டாரத்தில் பூக்கட்டி விற்பவர் ‘பூக்காரி’. மூட்டை தூக்குபவருக்கு ஐம்பது வயதானாலும் ‘கடைப்பையன்’. பதவி ஏற ஏறப் பால் கரைகிறது, இறங்க இறங்க ஒட்டிக்கொள்கிறது. விமானத்தில் வேலை செய்பவர் எப்போதோ ‘விமானச் சிப்பந்தி’ ஆகிவிட்டார். ‘இல்லப் பணியாளர்’ என்று எழுத எந்த நூற்பா தடுக்கிறது?

மேலே இருப்பவர்களும் முழுக்கத் தப்பவில்லை. ஆணுக்கு ‘திரு’ ஒன்றே ஆயுளுக்கும் போதும். பெண்ணுக்கோ குமாரி, திருமதி, திருவாட்டி என்று வரிசை. அமைச்சர் இந்திராணி ராஜாவின் பெயருக்கு முன்னால் நம் தமிழ்ச் செய்திகளில் ‘குமாரி’ வருகிறது. அது ஆங்கில ‘எம்எஸ்’ என்பதற்கு ஈடு என்று விளக்கம் சொல்வார்கள்; தமிழ்க் காதில் விழுவது ‘கல்யாணமாகாதவர்’ என்பதுதான். நிதி பற்றிப் பேசுபவரின் கல்யாணக் கணக்கு வாசகருக்கு எதற்கு? 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பாலினத்தோடு திருமண நிலையையும் வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நம் விண்ணப்பக் கடிதமோ பெயருக்கு முன்பே அதை அறிவித்துவிடுகிறது.

ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பதிலும் அர்த்தமில்லை. 2021 டிசம்பர் 31இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ச் சட்டங்களின் திருத்தப் பதிப்பில் பல இடங்களில் ‘சேர்மன்’ போய் ‘சேர்பர்சன்’ வந்தது. கோளாறை ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து திருத்தினார்கள்.

நாம் இன்னும் முகம் தெரியாதவருக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதுகிறோம். ‘ஐயா இருபாலருக்கும் பொது’ என்பது வாதம். அப்படியானால் ஒரு மாதம் எல்லாருக்கும் ‘அம்மையீர்’ என்று எழுதிப் பார்க்கட்டும். எத்தனை ஆண் மேலாளர்கள் அதைப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள் பார்ப்போம். அதிலும் இது பல இன நகரம். ஜியா லெ என்ற சீனப் பெயருக்கு உரியவர் ஆணா பெண்ணா என்று நமக்கு எப்படித் தெரியும்? நம்முடைய மணியும் ஜோதியும் மட்டும் என்ன! ஊகித்துத் ‘திரு’ போடுவதைவிட, பெயரை எழுதி ‘வணக்கம்’ சொன்னால் போதும். சிராங்கூன் சாலைக் கல்யாணப் பத்திரிகையில் ‘அன்புடையீர்’ என்று பார்க்கிறோம். அதை யாரும் இறக்குமதி என்றதில்லை.

‘ஐயா’ இல்லாவிட்டால் மரியாதை போய்விடுமாம். சந்தையில் ‘அக்கா’, ‘அண்ணே’ என்று கூப்பிடுவதில் எனக்குச் சண்டையில்லை. அங்கே எதிரில் ஆள் நிற்கிறார், கடிதத்தில் நிற்பதில்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. மனிதவள அமைச்சின் விதிப்படி வெளிநாட்டு இல்லப் பணியாளர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ‘பணிப்பெண்’ என்பதில் என்ன தவறு? தாதிமைத் தொழிலிலும் பெரும்பாலோர் பெண்கள்தான், அங்கே ‘தாதியர்’ என்று எழுதப் பழகிவிட்டோமே. விதி சொல்வது வேலைக்கு யார் வரலாம் என்பதை. வந்தவரை ‘அவள்’ என்று எழுதச் சொல்லவில்லை. பிள்ளையின் ஆசிரியரை ‘அவர்’ என்று எழுதும் அதே கைதான், இல்லப் பணியாளருக்கான பரிந்துரைக் கடிதத்தில் ‘நன்றாகச் சமைப்பாள்’ என்று எழுதுகிறது.