மார்கழியில் மறந்துபோகும் தண்ணீர்

சித்திரை வெயிலில் தண்ணீர் குடியுங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பானைத் தண்ணீர், நீர்மோர், நுங்கு என்று வீடே உஷாராக இருக்கும். நாம் கோட்டை விடுவது மார்கழியில்தான்.

போன மார்கழியில் ஒருநாள், கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்த என் மாமியார் தலைசுற்றி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வயது 72. சர்க்கரையோ, பிரஷரோ என்று பதறிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

மாத்திரை விழுங்க அரை டம்ளர், இரண்டு வேளை காபி. அவ்வளவுதான்! "ராத்திரி எழுந்து பாத்ரூம் போகணுமே, அந்தக் குளிர்ல யாரால முடியும்?" என்றார் அத்தை.

வயது ஏற ஏற தாக உணர்வே மங்கிவிடும். குளிரில் அது இன்னும் குறையும். சிறுநீரோ அதிகமாகப் பிரியும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் பெரியவர்களுக்குச் சரிவராது.

இப்போது எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர், பதினொரு மணிக்குச் சீரகத் தண்ணீர், மதியம் ரசம். பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் குடித்துவிடுகிறார். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். (சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மஞ்சளாகும், பயப்படாதீர்கள்.) இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பாத்ரூம் வழியில் ஜீரோ வாட்ஸ் பல்பு வேண்டும். நியாயம்தானே? அன்றே மாட்டிவிட்டோம்.