இழுத்துச் செல்லும் வீடு! வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் பல குடும்பங்கள் விடுமுறை வந்தால் ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்கின்றன! சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்ளேதான்.

பளபளப்பைக் கண்டு மயங்கினால் பணம் போய்விடும். இந்த வண்டிக்கு முதல் எதிரி தண்ணீர். கூரை ஒழுகினால், பல வண்டிகளில் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் இற்றுப் போகும். மூலைகளில் விரலால் அழுத்த வேண்டும். மெத்தென்று அமுங்கினால் அந்த வண்டி வேண்டாம்!

அடுத்தது எடை. சாமான்களும் தண்ணீரும் ஏற்றிய பிறகு வரும் மொத்த எடையையும் இழுக்கும் சக்தி காருக்கு வேண்டும். அந்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு கார்க் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அது குறைந்தால், வேகத்தில் வண்டி பக்கவாட்டில் ஆடும், காரையும் கவிழ்த்துவிடும்.

உள்ளே இருப்பது மனைவி மக்களின் சாமான். முன்னே காரில் இருப்பதோ அவர்கள் உயிர்! திரைச்சீலையின் அழகு பிறகு இருக்கட்டும். முதலில் கூரை, பிறகு கொக்கி!