கேம்ஷாஃப்ட் போச்சு, கம்ப்யூட்டர் வந்தாச்சு... கப்பலுக்கு எலக்ட்ரீஷியன் வேண்டாமா?

2024 மார்ச் 26 அதிகாலை. அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்து கொழும்புக்குக் கிளம்பிய ‘டாலி’ சரக்குக் கப்பல், துறைமுகத்தைத் தாண்டும் முன்பே மின்சாரத்தை இழந்து பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தின் மேல் சாலைப் பராமரிப்பு வேலையில் இருந்த 6 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த மாலுமிகள் அனைவருமே கிட்டத்தட்ட இந்தியர்கள், ஒருவர் இலங்கையர்.

காரணம் என்ன? அமெரிக்க போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்ன பதில் இது: ஒரு சிக்னல் வயரில் மாட்டியிருந்த லேபிள் இடம் மாறி இருந்ததால், வயர் டெர்மினலுக்குள் முழுசாகப் போய் உட்காரவில்லை. தொடர்பு விட்டுப்போய் பிரேக்கர் ட்ரிப் ஆனது. கூலிங் பம்புகள் நின்றதும் மெயின் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது.

டாலியில் இருந்தது மேன் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் எலக்ட்ரானிக் எஞ்சின். உடனே ‘பழைய கேம்ஷாஃப்டே மேல்’ என்று முடிவுகட்டத் தோன்றும். அது தப்பு. பழைய எஞ்சினுக்கும் கூலிங் பம்ப் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. விவாதம் வேறு இடத்தில் நடக்க வேண்டும்.

கேம்ஷாஃப்ட் என்ன செய்யும்?

பழைய டிசைனில், கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றும்போது செயின் அல்லது கியர் வழியாக கேம்ஷாஃப்டும் சுற்றும். அதில் இருக்கும் முட்டை வடிவ கேம், எரிபொருள் பம்பையும் புகைபோகும் வால்வையும் உந்தும். எப்போது எரிபொருள் பீய்ச்ச வேண்டும் என்பதை இரும்பின் வடிவமே முடிவு செய்கிறது. அதில் லேசாக மாற்றம் செய்ய மெக்கானிக்கல் ஏற்பாடுகள் உண்டு. அவ்வளவுதான்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பம்பும் மெதுவாகத்தான் உந்தும். எரிபொருள் சரியாகத் தூவப்படாமல், அரைகுறையாக எரிந்து, கரும்புகை வரும்.

காமன் ரெயிலில் இந்தப் பிரச்சினை இல்லை. எரிபொருள் ஏறக்குறைய 1,000 பார் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் எப்போதும் தயாராக நிற்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதை வைத்து யோசித்துக்கொள்ளலாம். எந்த சிலிண்டருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை கம்ப்யூட்டர் சொல்லும். (கறாராகச் சொன்னால் டாலியில் இருந்த எம்இ வகை காமன் ரெயில் அல்ல. அதில் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் ஒவ்வொரு சிலிண்டரின் பம்பையும் உந்தும். கேம்ஷாஃப்ட் மட்டும் அதிலும் கிடையாது.)

சுல்சரின் ஆர்டி-ஃப்ளெக்ஸ் எஞ்சினோடு ‘ஜிப்சம் சென்டெனியல்’ கப்பல் 2001-ல் கடலுக்கு வந்தது. 2006-ல் வந்த ‘எம்மா மெர்ஸ்க்’ கப்பலின் 14 சிலிண்டர் எஞ்சின் கொடுத்தது 80,080 கிலோவாட், அதாவது சுமார் 1.09 லட்சம் குதிரைசக்தி.

லாபம் யாருக்கு?

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கப்பல் நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்தன. கணக்கு எளிது: வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் தேவைப்படும் சக்தி சுமார் 27 சதவீதம் குறையும். குறைந்த வேகத்திலும் புகையில்லாமல் ஓடும் எலக்ட்ரானிக் எஞ்சின் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2011-க்குப் பிறகு கட்டிய கப்பல்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை ஐஎம்ஓ இறுக்கியபோதும் இதுதான் கைகொடுத்தது. ஆக, எலக்ட்ரானிக் எஞ்சின் வந்தது சரியான முடிவுதான்.

ஆனால் எஞ்சின் ரூமில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறியது. பழைய எஞ்சினில் பிரிட்ஜ் கன்ட்ரோல் போனால், எஞ்சினியர் கீழே எஞ்சின் பக்கத்தில் நின்று லீவரைக் கையால் தள்ளி எரிபொருளைக் கூட்டலாம், குறைக்கலாம். கோளாறு கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். கேம் தேய்ந்தால் நாள்கணக்கில் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். புது எஞ்சினிலும் பக்கத்தில் ஒரு லோக்கல் பேனல் உண்டு. ஆனால் அதுவும் எலக்ட்ரானிக் பேனல்தான். சென்சாரும், வயரும், டெர்மினலும் சத்தம் போடாது. நேற்று வரை வேலை செய்யும், இன்று செய்யாது.

அப்படியென்றால் வயரைப் பார்க்கத் தனி ஆள் வேண்டாமா? இங்கேதான் சிக்கல். மாலுமிகளுக்கான சர்வதேச உடன்படிக்கையான எஸ்டிசிடபிள்யூ, 2010 மணிலா திருத்தத்தில் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர், சுருக்கமாக ஈடிஓ, என்ற பதவிக்குத் தகுதியை வரையறுத்தது. ஆனால் எல்லாக் கப்பலிலும் ஈடிஓ ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கப்பல் பதிவான நாடு முடிவு செய்யும். ஈடிஓ இல்லாத கப்பலில் அந்த வேலையும் எஞ்சினியர்கள் தலையில்தான். மிச்சமாகும் எரிபொருள் காசு ஒருவருக்கு, கூடுதல் பொறுப்பு இன்னொருவருக்கு!

விபத்துக்குப் பிறகு டாலியின் மாலுமிகள் வீடு திரும்ப முடியாமல் பல மாதங்கள் அமெரிக்காவிலேயே இருந்தார்கள். சென்னையில் மெரைன் எஞ்சினியரிங் முடித்துக் கப்பல் ஏறப்போகும் இளைஞர்கள் போகவிருப்பதும் இதே மாதிரி எஞ்சின் ரூம்களுக்குத்தான். கேம்ஷாஃப்ட் இல்லாத ஒவ்வொரு கப்பலிலும் ஈடிஓ கட்டாயம் என்று ஐஎம்ஓ விதியை மாற்ற வேண்டும். உலகுக்கு இத்தனை மாலுமிகளை அனுப்பும் இந்தியாவே அந்தக் கோரிக்கையை அங்கே முதலில் வைக்கலாம்.