மூட்டு வலிக்கு ஓய்வு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுமையில் மூட்டு வலி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, எடைப் பயிற்சியை அறவே விடச் சொல்கிறது. இதை ஏற்க முடியவில்லை. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அது மெலிந்தால் மூட்டின் மீதுதான் சுமை ஏறும்.

1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி தந்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாற்ற வேண்டியது பயிற்சியின் முறையை. முழுதாகக் குந்தி எழ முடியாதவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். எடையைக் கூட்டாமல், கீழே இறங்கும் வேகத்தைக் குறைத்தாலே தசைக்கு நல்ல வேலை. தோள் வலி உள்ளவர் தலைக்கு மேல் தூக்குவதை விட்டு, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுக்கலாம்; தரையில் தண்டால் எடுப்பதற்குப் பதில் சுவரில் கை ஊன்றலாம். லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். வீக்கம் வந்தாலோ வலி நீடித்தாலோ அளவைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அதில் முதியோருக்கான தசைப் பயிற்சிக்கு முக்கிய இடம் தர அரசை வேண்டுகிறேன். தாங்களும் ஓர் இயன்முறை மருத்துவரைக் கொண்டு படங்களுடன் தொடர் வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்