கம்ப்ரெசர் மேல் பழி போடுவதற்கு முன்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கமில்லாத சத்தம் எழுப்பினால், ஒர்க்‌ஷாப் வாசலிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. "சார், ஏர் கம்ப்ரெசர் போயிடுச்சு, மாத்திடலாம்." கூடவே இன்னொரு யோசனையும் வரும். "இல்லேன்னா ஏரையே எடுத்துட்டு காயில் ஸ்பிரிங் போட்டுடலாம், தொல்லை விட்டுச்சு."

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், ஆடி ஏ8, லேண்ட் ரோவர் டிஸ்கவரி போன்ற வண்டிகளைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களில் பலர் சேர்த்துவைத்த பணத்தைப் போட்டு ஆசையாக வாங்குகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய செலவு. அந்தச் செலவைச் செய்த பிறகும் சத்தம் அப்படியே இருப்பதுதான் கொடுமை. ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் காலைச் சத்தம் என்றாலே கம்ப்ரெசர்தான் என்ற முடிவு சோதனையால் வந்ததல்ல, பழக்கத்தால் வந்தது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் காரணம்: "வண்டி ஆறியிருக்கும்போது மட்டும் வருது, மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு, ஒரு நிமிஷத்துல நின்னுடுது. அப்போ கம்ப்ரெசர்தானே?" இந்த மூன்று அடையாளமும் கம்ப்ரெசருக்குப் பொருந்தும். ஆனால் அவை அப்படியே பொருந்தும் வேறொரு மோட்டார் அதே வண்டியில் இருக்கிறது. பெட்ரோல் வி6, வி8 இஞ்சின் கொண்ட பல ஐரோப்பிய கார்களில் செகண்டரி ஏர் பம்ப் என்று ஒன்று உண்டு. ஆறிய இஞ்சினுக்கு ஆரம்பத்தில் பெட்ரோல் கூடுதலாகப் போகும். அதில் எரியாத பகுதி சைலன்சர் பக்கம் வந்து சேரும். அங்கே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யத் தொடங்கும். அதைச் சீக்கிரம் சூடாக்க, ஸ்டார்ட் ஆன உடனே இந்தப் பம்ப் எக்ஸாஸ்ட் வழிக்குள் வெளிக்காற்றை ஊதுகிறது. எரியாத பெட்ரோல் அங்கேயே எரிந்து கன்வெர்ட்டரைச் சூடேற்றுகிறது. ஒன்று இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்து பம்ப் நின்றுவிடும். சூடான இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது ஓடாது.

இதற்குக் குளிர்காலம் தேவையில்லை. சென்னையின் மே மாதக் காலையில்கூட, இரவு முழுக்க நின்ற இஞ்சின் தன் ஓட்டச் சூடான 90 டிகிரியிலிருந்து வெகுவாக இறங்கியிருக்கும். அதுவும் கோல்ட் ஸ்டார்ட்தான். "நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் வராது சார்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எனவே "சூடானபின் வரவில்லை" என்பது கம்ப்ரெசருக்கு எதிரான சாட்சியே அல்ல. இரண்டு பம்பும் சூடான வண்டியில் சும்மாதான் இருக்கும். இடத்தை வைத்தும் சட்டென்று சொல்லிவிட முடியாது. 1998இல் வந்த எஸ் கிளாஸில் சஸ்பென்ஷன் கம்ப்ரெசர் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. செகண்டரி ஏர் பம்பும் இஞ்சினின் முன்பக்கம்தான். காரின் முன்னால் நின்று கேட்பவருக்கு இரண்டும் ஒரே திசை. ஆனால் டிஸ்கவரி 3இல் கம்ப்ரெசர் இடது பின்சக்கரத்துக்கு முன்னால் சேசிஸ் ஓரமாக இருக்கிறது. ஏர் உள்ள பிஎம்டபிள்யூ எக்ஸ்5இல் டிக்கிக்கு அடியில், ஸ்டெப்னி இருக்கும் குழியில். அப்படிப்பட்ட வண்டியில் சத்தம் பானட்டுக்குள்ளிருந்து வந்தால் கம்ப்ரெசரைப் பற்றிப் பேசவே வேண்டாம். தன் வண்டியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உரிமையாளரின் முதல் வேலை.

காதைக் கொஞ்சம் பழக்கினால் இரண்டையும் பிரித்துவிடலாம். சஸ்பென்ஷன் கம்ப்ரெசரில் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதன் சத்தம் "டர்ர்ர்" என்று சொரசொரப்பாக இருக்கும். அழுத்தம் ஏற ஏறக் கனத்துப்போகும். பல வண்டிகளில் நிற்கும்போது உள்ளே மிஞ்சிய காற்று "புஸ்" என்று வெளியேறும். செகண்டரி ஏர் பம்பில் சுழல்வது விசிறி. அது வேக்குவம் கிளீனர் போல "ஊய்ங்" என்று ஒரே சீராக இரையும், நிற்கும்போது சுருதி இறங்கி அடங்கும், புஸ் கிடையாது. பம்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவிலுள்ள வால்வு ஒழுங்காக மூடாமல் எக்ஸாஸ்டின் ஈரம் உள்ளே புகுந்து பேரிங் துருப்பிடித்துவிட்டால், அந்த இரைச்சல் தெருவையே எழுப்பும் ஊளையாக மாறும். ஸ்கேனரில் பி 0410 அல்லது பி 0411 என்ற கோடு இருந்தால் செகண்டரி ஏர் பக்கம் பார்க்க வேண்டும் என்று பொருள்.

காதை நம்பாதவர்களுக்கு உறுதியான சோதனை உண்டு. இஞ்சின் நன்றாகச் சூடானபின் சமதளத்தில் நிறுத்தி, உயரம் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். ரிசர்வாயர் உள்ள வண்டியில் முதல் தடவை தொட்டிக் காற்றே போதுமாகிவிடலாம். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கம்ப்ரெசர் ஓடியே ஆக வேண்டும். காலையில் கேட்ட அதே சத்தம் இப்போதும் வந்தால் அது கம்ப்ரெசர். வராவிட்டால் அது வேறு. இன்னொரு வழி, மாலையிலேயே கம்ப்ரெசர் ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து கேட்பது. ரிலே இல்லாமலும் சத்தம் வந்தால் கம்ப்ரெசர் நிரபராதி. (கேட்டு முடித்ததும் ரிலேயைத் திரும்பப் போடுங்கள். இறங்கிய வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது.) டீசல் வண்டிக்காரர்களுக்குச் செகண்டரி ஏர் பம்ப் என்ற சந்தேகமே வேண்டாம், அது டீசலில் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானதாகத் தோன்றும். "காலையில வண்டி இறங்கியிருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணதும் கம்ப்ரெசர் ரொம்ப நேரம் கத்தித்தான் தூக்குது. அப்போ கம்ப்ரெசர் வீக்." சத்தம் கம்ப்ரெசருடையதுதான் என்று நிரூபணமான பிறகும்கூட இந்த முடிவு தவறாகலாம். கம்ப்ரெசர் ஏன் ஓட வேண்டியிருந்தது என்பதுதான் கேள்வி.

நல்ல நிலையில் இருக்கும் அமைப்பு காலையில் இவ்வளவு ஓடவே வேண்டியதில்லை. 2002இல் வந்த ஆடி ஏ8இன் வடிவமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போது, முடிந்தவரை ரிசர்வாயரில் சேமித்த காற்றைக் கொண்டே உயரத்தைச் சரிசெய்யும். கம்ப்ரெசரை முக்கியமாக அதற்கு மேற்பட்ட வேகத்தில்தான் ஓட்டும். காரணம், சாலை இரைச்சலில் அதன் சத்தம் காதில் விழாது. இவ்வளவு யோசித்துச் செய்த வண்டி வாசலில் நின்றபடி தினமும் நிமிடக்கணக்கில் கத்துகிறது என்றால், தொட்டியும் காலி, வண்டியைத் தாங்கும் காற்றுப் பலூனும் காலி என்று அர்த்தம். காற்று எங்கோ கசிகிறது. ரப்பர் பலூன் மடியும் இடத்தில் விழும் நுண்ணிய விரிசல், குழாய் சேரும் இடத்து ஓரிங், வால்வு பிளாக் என்று மூன்று நான்கு இடங்கள்தான் வழக்கமானவை. கம்ப்ரெசர் இடைவிட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கசிவு அதைத் தினமும் நெடுநேரம் ஓட்டி, பிஸ்டன் வளையத்தைத் தேய்த்து, சூடேற்றிக் கொல்கிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரெசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

கசிவைக் கண்டுபிடிக்க டேப் ஒன்று போதும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் மாலையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஆனால் ஒரு நுணுக்கம் இங்கே பலரை ஏமாற்றுகிறது. டிஸ்கவரி 3 போன்ற வண்டிகளில் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே விழித்து, தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூலைகளையும் இறக்கிச் சமன் செய்யும். கசிவது ஒரு பலூன். காலையில் இறங்கியிருப்பது நான்கு மூலையும். பார்க்கிறவர் "எல்லாமே போச்சு" என்று முடிவு கட்டுகிறார். அதனால் அளப்பதற்கு முன் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் எந்த மூலை குற்றவாளி என்று தெரியும்.

இரவுக் குளிர்ச்சியால் வரும் சிறு இறக்கத்தைக் கசிவு என்று எண்ண வேண்டாம். 35 டிகிரியில் இருந்த காற்று 20 டிகிரிக்கு ஆறினால் அதன் கன அளவு சுமார் 5 சதவீதம் சுருங்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இரவு நிறுத்திய வண்டி சில மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது இயல்பு. அது நான்கு மூலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஃபியூஸைக் கழற்றிய வண்டியில் கசிவு அப்படிச் சமமாக இறக்காது. மூலை தெரிந்துவிட்டால் சோப்புத் தண்ணீர் தெளித்து இடத்தைப் பிடிக்கலாம். அதற்காக வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஸ்டாண்ட் வைக்காமல் போகவே கூடாது. காற்று இறங்கினால் வண்டி எந்த எச்சரிக்கையும் தராமல் உட்காரும். கை மாட்டினால் கை போகும்.

ஒரேயடியாகக் கம்ப்ரெசர் நல்லது என்று நான் சொல்லவில்லை. அளவான நேரம் ஓடிச் சரியாகத் தூக்கியும் வண்டி முழுக்க அதிர்கிறது என்றால், கம்ப்ரெசரைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷோ ஸ்பிரிங்கோ முறிந்து, அது நேரே பாடியில் முட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கும் முழு கம்ப்ரெசர் தேவையில்லை. உண்மையிலேயே தேய்ந்துபோய் மாற்றினால் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். நெடுநேரம் ஓடி ரிலேயின் தொடுமுனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால், புதிய கம்ப்ரெசர் வண்டியை அணைத்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஸ்கேனர்ல கம்ப்ரெசர் கோடு காட்டுது சார்" என்பது மூன்றாவது. கம்ப்ரெசர் அனுமதித்த நேரத்துக்கு மேல் ஓடியது என்று கம்ப்யூட்டர் பதிவு செய்தால், அது ஓடிய நேரத்தை மட்டுமே சொல்கிறது. கசிவால் ஓடியதா, தேய்மானத்தால் ஓடியதா என்று அதற்குத் தெரியாது. கோடு இல்லை என்பதாலும் எல்லாம் நலம் என்றாகாது. மெல்லிய கசிவை அனுமதித்த நேரத்துக்குள் நிரப்பிவிட்டால் விளக்கு எரியாது. முறிந்த ரப்பர் புஷ்ஷுக்குச் சென்சாரே கிடையாது.

நான்காவது வாதத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நினைக்கிறேன். "ஏர் வண்டின்னா காலையில சத்தம் போடத்தான் செய்யும், சூடானா சரியாயிடும்." இது ஆம்னி பஸ்ஸிலிருந்து வந்த பழக்கம் என்று தோன்றுகிறது. பஸ்ஸில் காற்றுக் கம்ப்ரெசரை இஞ்சினே சுழற்றுகிறது. பிரேக்குக்கும் பலூனுக்கும் அதே காற்று. ஸ்டார்ட் செய்து காற்று ஏறும் வரை டிரைவர் காத்திருப்பார், டிரையர் புஸ்ஸென்று விடும், பிறகு கிளம்புவார். காரில் கம்ப்ரெசர் தனி மின்மோட்டாரில் ஓடுவது. இஞ்சின் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரின் காலைச் சத்தத்தை எல்லாம் "ஏர்" என்ற கணக்கில் எழுதிவிட்டால், இஞ்சின் கேட்கும் உதவி காதில் விழாமலே போய்விடும்.

ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று விநாடிகள் "கடகட"வென்று சங்கிலி உரசும் சத்தம் வந்து அடங்குகிறதா? அது டைமிங் செயினாக இருக்கலாம். இரவில் டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்துவிட, அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து ஆடுகிறது. ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் வந்த மெர்சிடிஸின் எம்278 வி8 இஞ்சினும், லேண்ட் ரோவரின் 5 லிட்டர் வி8 இஞ்சினும் இதற்குப் பேர்போனவை. இதை ஏர் சத்தம் என்று தள்ளிப்போட்டு, செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்போது வரும் பில்லோடு ஒப்பிட்டால் கம்ப்ரெசரின் விலை ஒன்றுமே இல்லை. வேகத்துக்கு ஏற்ப "டிக் டிக்" என்று அடித்து, ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் முறிந்து புகை கசிகிறதா என்று பாருங்கள். உலோகம் சூடாகி விரியும்போது இடைவெளி மூடிக்கொள்வதால்தான் சத்தம் மறைகிறது. ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் முனகினால் பவர் ஸ்டியரிங் ஆயில். வண்டி நகர்ந்த சில மீட்டரில் ஒரே ஒரு தடவை "டொக்" என்றால் அது ஏ.பி.எஸ். தன்னைச் சோதித்துக்கொள்வது; பயப்பட வேண்டாம்.

கடைசியாக, காயில் ஸ்பிரிங். நான்கு பலூனும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பழைய வண்டியில் அது ஒரு நியாயமான கணக்காக இருக்கலாம். ஆனால் சத்தத்துக்கு மருந்தாக அதைச் சொல்வதை ஏற்க முடியாது. சத்தம் செகண்டரி ஏர் பம்பிலிருந்தோ செயினிலிருந்தோ வந்தால், காயில் போட்ட மறுநாள் காலையும் அது வரும். பின்னால் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினாலும் மட்டம் குறையாமல் நின்ற வண்டி, இனி பின்பக்கம் தாழ்ந்து போகும். அந்த வண்டியை வாங்கியதே எதற்காகவோ, அதுவே போய்விடுகிறது.

இவ்வளவுக்கும் நடைமுறையில் ஒரு தடை இருக்கிறது. வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகும்போதே இஞ்சின் சூடாகிவிடுகிறது, வண்டியும் உயர்ந்துவிடுகிறது. மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கேட்பதே இல்லை. நீங்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியை முந்தைய நாள் மாலையே அங்கே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை போய், முதல் ஸ்டார்ட்டை உங்கள் முன்னால், கம்ப்ரெசர் ரிலேயைக் கழற்றி வைத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காமல் புதிய கம்ப்ரெசருக்கு அட்வான்ஸ் கேட்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.